குலசேகரனின் அம்பு ஸ்டிக்கர்கள்

திருப்பூர் வீரபாண்டியில் இருக்கும் அந்த பனியன் கம்பெனியில் மருதம்மாளை யாரும் மருதம்மாள் என்று கூப்பிடுவதில்லை. முதலாளி தண்டாயுதபாணி மட்டும் கூப்பிடுவார், அதுவும் கோபம் வந்தால். மற்ற எல்லாருக்கும் அவள் குலசேகரன் அக்கா.

குலசேகரன் ஒரு துப்பறிவாளர். பஸ் ஸ்டாண்டு கடைகளில் தொங்கும் மாத நாவல்களில் பிறந்து, அப்புறம் டிவி தொடராகி, இரண்டு சீசன் ஓடிவிட்டவர். துப்பாக்கி கிடையாது, ஓட்டம் கிடையாது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாய்வதும் கிடையாது. எல்லாரும் பார்த்து முடித்துவிட்டுப் போன இடத்துக்கு மெதுவாக வந்து நிற்பார். "அவசரமில்லை. இன்னொரு தடவை பார்ப்போம்" என்பார். அதற்குள் கொலைகாரனுக்கு வேர்த்துவிடும்.

மருதம்மாள் செக்கிங் செக்ஷன் சூப்பர்வைசர். தைத்து வருகிற ஒவ்வொரு பீஸையும் டியூப் லைட் வெளிச்சத்தில் விரித்துப் போட்டு ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் என்று பழுது கண்டுபிடிக்கிற வேலை. புதிதாக வந்த பெண்கள் சரசரவென்று பீஸைத் தள்ளினால் பின்னால் போய் நின்றுகொண்டு, "அவசரமில்லீங்க கண்ணு. இன்னொரு தடவை பாக்கலாம்" என்பாள். குலசேகரன் அக்கா என்ற பெயர் அப்படி வந்ததுதான். அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட. திருப்பூர் ராயபுரத்து வீட்டில் அவளுடைய பீரோவில் பட்டுச் சேலைக்கு அடியில் குலசேகரன் நாவல்கள் நாற்பத்தொன்று இருக்கின்றன.

அந்தக் குலசேகரனே ஒரு நாள் அவளுடைய செக்கிங் டேபிளுக்கு வந்து நிற்பார் என்று யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால், வேலையைப் பார் என்று விரட்டியிருப்பாள்.

மூன்றாவது சீசனுக்கு டிவிக்காரர்கள் எடுத்துக்கொண்ட நாவல் 'பேக்கிங் செக்ஷனில் ஒரு பிணம்'. கதை முழுக்க பனியன் கம்பெனியில் நடக்கிறது. தீபாவளி லீவில் தெற்கத்தி ஜனங்கள் எல்லாம் ஊருக்குப் போய்விட, திருப்பூரே காலியாகக் கிடக்கும் அல்லவா, அந்த நாலு நாளைக்குக் கம்பெனியைக் கேட்டார்கள். தண்டாயுதபாணி பழனிமுருகன் படத்தைப் பார்த்தார், சரி என்றார். மேற்பார்வைக்கு மருதம்மாளை இருக்கச் சொன்னார். இயக்குநர் சுரேஷ், முப்பது வயசுப் பையன், வந்த அன்றே அவள் ஒரு பனியனை உதறி விரித்துப் பார்க்கிற லாவகத்தைக் கண்டு அசந்து நின்றுவிட்டான். பிணத்தை முதலில் பார்க்கிற செக்கிங் பெண் பாக்கியம் என்று ஒரு சின்ன வேஷம் இருந்தது. மொத்தமே இரண்டு வசனம். மெட்ராஸிலிருந்து அழைத்து வந்த பெண்ணைத் திருப்பி அனுப்பிவிட்டு, "அக்கா, நீங்களே பண்ணிருங்க" என்றான்.

குலசேகரனாக நடிப்பவர் ஜெபக்குமார். நாசரேத்துக்காரர், எழுபதைத் தொட்டவர், நாடகத்திலிருந்து வந்தவர். காமிராவுக்கு முன்னால் அச்சடித்த தமிழ். இறங்கிவிட்டால் சொந்த ஊர்த் தமிழ். முதல் நாள் காலையில் மருதம்மாள் அவருக்கு வணக்கம் சொன்னாள். "ஏனுங்க சார், உங்களைப் பாத்தா..." என்று ஆரம்பித்தவள் கையிலிருந்த பனியனை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அவர் சிரித்து, "உங்க பேரு என்னம்மா?" என்று கேட்டார். சொன்னாள். மத்தியானம் மறுபடி கேட்டார். சொன்னாள். சாயந்திரம் காபி குடிக்கும்போது மூன்றாம் முறையும் கேட்டார்.

பழுது பார்த்தே பதினாலு வருஷம் ஓட்டியவள் கண்ணுக்கு இது தப்புமா? அன்றைக்கே அவள் வேறு சிலதும் கவனித்திருந்தாள். ஜெபக்குமார் நான்கு வரி பேசுவதற்கு ஒன்பது டேக் வாங்கினார். குலசேகரனின் உதவியாளர் செல்வியாக நடிக்கும் விஜயராணி, இரண்டு சீசனாகக் கூட நடிக்கிற பெண், ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் உதடு அசையாமல் முதல் வார்த்தையை முணுமுணுத்தாள். அது காதில் விழுந்ததும் மீதியை மனிதர் அப்படி ஒரு கம்பீரத்தோடு சொன்னார். விழவில்லை என்றால் திருவிழாவில் தொலைந்த குழந்தை மாதிரி முழித்தார்.

மறுநாள் காலை, அட்டைப்பெட்டி அடுக்குக்குப் பின்னால் அவள் பாலிதீன் கவர்களை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கம் சுரேஷின் குரல் கேட்டது.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. கடைசி சீன் மூணு பக்கம், ஒரே ஷாட். அன்னிக்கு சானல்லேருந்து ஆள் வந்து உக்காருவாரு. அது சரியா வரலைன்னா அடுத்த சீசனுக்கு வேற குலசேகரனைப் போட்டுருவாங்க. ஆளைக்கூடப் பாத்து வச்சுட்டாங்க. என்னால தடுக்க முடியாது சார்."

அதற்கு ஜெபக்குமாரின் குரல், "சரி தம்பி" என்றது. அவ்வளவுதான். அந்த 'சரி தம்பி'யைக் கேட்டதும் மருதம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது. வேறு குலசேகரனாம்! சட்டை மாற்றுவது போலவா ஆளை மாற்றுவார்கள்? அவளுக்கு வந்த கோபத்தில் சுரேஷின் காதைப் பிடித்துத் திருகியிருப்பாள். எட்டிப் பார்த்தபோது பையன் முகமும் அழுகிற மாதிரி இருந்ததால் விட்டாள்.

அரை மணி நேரம் யோசித்தாள். பிறகு அம்பு ஸ்டிக்கர் சுருள் ஒன்றை எடுத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போனாள்.

அம்பு ஸ்டிக்கர் என்பது செக்கிங்கில் எல்லார் கையிலும் இருப்பது. விரல் நகம் அளவில் சிவப்பாக அம்பு வடிவம். பழுது எங்கே இருக்கிறதோ அங்கே அம்பு முனை படும்படி ஒட்டிவிட்டால், ஆல்டரேஷன் டெய்லர் தேடிக்கொண்டிருக்காமல் நேரே அந்த இடத்தைச் சரி செய்துவிடுவார்.

"சார், உங்களுக்கு மொத வார்த்தை வந்தாப் போதுங்களா?"

ஜெபக்குமார் நிமிர்ந்து பார்த்தார். மறைப்பதா வேண்டாமா என்று ஒரு நொடி யோசித்தது தெரிந்தது. பிறகு, "போதும்மா. தலையைப் புடிச்சிட்டேன்னா வாலு தானா வந்துரும். தலைதான் அம்புட மாட்டேங்குது பாத்துக்கிடுங்க" என்றார்.

"அப்ப இதுல எழுதிப் போடறேனுங்க. ஒரு பீஸுல ஒரு வார்த்தை. குலசேகரன் துணியைப் பாக்காம இருப்பாருங்களா? ஒவ்வொண்ணா எடுத்துப் பாருங்க, வார்த்தையைப் படிங்க, பேசுங்க. காமிராவுக்குத் துணியோட முதுகுதான் தெரியும்."

அவர் சுருளை வாங்கிக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். "இது பழுதைக் காட்டுததுக்கு ஒட்டுததுல்லா?"

"ஆமாங்க."

"அப்ப எம்மேலதான் ஒட்டணும்" என்று சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அதைப் பார்த்து அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "உங்க பேரு..." என்றார். அவள் ஓர் அம்பை உரித்தாள், பொடி எழுத்தில் 'மருதம்மாள்' என்று எழுதினாள், அவருடைய சட்டைக் கைமடிப்பின் உள்பக்கம் ஒட்டினாள். அது காக்கியும் இல்லாத பழுப்பும் இல்லாத குலசேகரன் சட்டை. "இதுல இருக்குதுங்க. வேணும்போது பாத்துக்குங்க" என்றாள்.

அன்றும் அடுத்த நாளும் வேலை மளமளவென்று நடந்தது. குலசேகரன் ஒரு பனியனை எடுப்பார், வெளிச்சத்தில் பிடிப்பார், மெல்லத் திருப்புவார், நிதானமாக ஒரு வாக்கியம் பேசுவார். மடித்து வைப்பார். அடுத்ததை எடுப்பார். சுரேஷ் மானிட்டருக்குப் பின்னாலிருந்து, "சார், அந்தத் துணி பாக்கிற மேனரிஸம் பிரமாதம்! அதை விட்றாதீங்க" என்று கூவினான். விஜயராணி மருதம்மாளைப் பார்த்துக் கண்ணடித்தாள். மருதம்மாள் தன்னுடைய இரண்டு வசனத்தையும் பேசி முடித்தாள். அதில் ஒன்று, "அய்யோ!"

நாலாவது நாள் கடைசி சீன். இதற்கு விஜயராணியின் முணுமுணுப்பு உதவாது. கொலைகாரன் ஓடிவிடாதபடி அவள் தூரத்தில் வாசலை மறித்துக்கொண்டு நிற்க வேண்டும். டேபிளுக்குப் பக்கத்தில் பாக்கியம் மட்டும் சும்மா நிற்பாள். மருதம்மாள் காலை ஏழு மணிக்கே வந்து, மூன்று பக்க வசனத்தை இருபத்திநான்கு வாக்கியமாகப் பிரித்து, இருபத்திநான்கு பனியனில் இருபத்திநான்கு அம்பு ஒட்டி, வரிசை மாறாமல் இரண்டாம் நம்பர் டேபிளில் அடுக்கினாள். இரண்டு தடவை சரிபார்த்தாள். பிறகு மேக்கப் போட ஆபீஸ் ரூமுக்குப் போனாள்.

அன்றைக்கு ஷிப்மெண்ட் அவசரம் என்று ஆல்டரேஷனுக்கு மட்டும் வேலை வைத்திருந்தார் தண்டாயுதபாணி. இது மருதம்மாளுக்கும் தெரியும். அதன் விளைவுதான் அவள் மண்டையில் உறைக்கவில்லை. ஆல்டரேஷன் டெய்லர் ஜோதிகா கோவில்பட்டியிலிருந்து ராத்திரி பஸ்ஸில் அப்போதுதான் வந்து இறங்கி, பையைக்கூட ரூமில் வைக்காமல் நேரே கம்பெனிக்கு வந்தாள். இரண்டாம் நம்பர் டேபிளில் அம்பு ஒட்டிய பீஸ்கள் ஒரு அடுக்கு. அம்பைக் கண்டால் ஜோதிகாவின் கை சும்மா இருக்காது.

சீன் ஆரம்பிப்பதற்குள் எல்லாரும் இடத்துக்கு வந்துவிட்டார்கள். சானல்காரர் மானிட்டர் பக்கத்து நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். சுரேஷ் 'ஆக்‌ஷன்' என்றான்.

குலசேகரன் டேபிளுக்கு வந்து முதல் பனியனை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பினார். மறுபடி திருப்பினார். மடித்து வைத்துவிட்டு இரண்டாவதை எடுத்தார். அதையும் திருப்பினார்.

மருதம்மாள் எட்டிப் பார்த்தாள். அம்பு இல்லை. அம்பு இருந்த இடத்தில் புத்தம் புதிதாக ஒரு தையல் இருந்தது. தலை நிமிர்ந்தாள். காமிராவுக்குப் பின்னால் கூட்டத்தோடு ஜோதிகா நின்றுகொண்டிருந்தாள், கழுத்தில் இஞ்ச் டேப்பும் முகத்தில் வேலையை முடித்துவிட்ட திருப்தியுமாக. அம்பு காட்டிய இடத்தில் எந்தப் பழுதும் கண்ணுக்குத் தெரியாமல் அவள் குழம்பியதையும், அக்கா ஒட்டியிருந்தால் சும்மா இருக்காது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தையல் போட்டு, ஸ்டிக்கரை உரித்துக் குப்பையில் போட்டு, இருபத்திநான்கையும் அழகாக மடித்து வைத்ததையும் பிற்பாடு அவளே அழுதுகொண்டே சொன்னாள். இப்போது அவளைக் கேட்க நேரமில்லை.

ஜெபக்குமாரின் கையில் மூன்றாவது பனியன். உள்பக்கம் அம்பைத் தேடி விரல் தடவியது. துணியின் மறுபக்கம் இருந்த காமிராவுக்கு அது தெரிந்திருக்காது. சுரேஷ் கட் சொல்ல வாயைத் திறந்தான். சானல்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போது ஜெபக்குமார் துணியைத் தாழ்த்தினார். நேரே அவளைப் பார்த்தார்.

"மருதம்மா..." என்றார்.

பாக்கியம் என்றல்ல. மருதம்மா என்று. அதோடு நின்றுவிட்டார்.

அவள் வாய் தன்பாட்டுக்குத் திறந்துகொண்டது. பதினாலு வருஷமாகத் தினமும் சொல்லிப் பழகிய வாய்.

"அவசரமில்லீங்க சார். இன்னொரு தடவை பாக்கலாங்க."

தன்னுடைய வசனத்தை வேறொருவர் வாயால் கேட்ட ஜெபக்குமாரின் கண்ணில் ஏதோ அசைந்தது. முதுகு நிமிர்ந்தது. மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது. குலசேகரனின் சிரிப்பு, கொலைகாரனை வேர்க்க வைக்கிற சிரிப்பு.

"பார்க்கலாம்" என்றார். "எங்கிருந்து பார்க்கலாம், சொல்லுங்கள்."

மருதம்மாளுக்கு அந்த நாவல் மனப்பாடம். ஆனால் நாவலை ஒப்பித்தால் காரியம் கெட்டுப்போகும் என்று அவளுக்குப் புரிந்தது. தன் வேலையில் தெரிந்ததைக் கேட்டாள்.

"ஏனுங்க சார், தையல் லைன்ல மெஷின் ஊசி ஒடிஞ்சா நாங்க என்ன பண்ணுவோம், தெரியுங்களா?"

"ஊசி..." என்றார் அவர். பிடித்துக்கொண்டார். "ஊசி ஒடிந்தால் எல்லாத் துண்டையும் பொறுக்கி எடுத்து நோட்டில் ஒட்ட வேண்டும். முழு ஊசி சேர்ந்தால்தான் புது ஊசி. ஒரு பொடித் துண்டுகூட குழந்தை போடும் சட்டைக்குள் போய்விடக் கூடாது. சரிதானே?"

"சரிங்க. கொலை நடந்த அன்னிக்கும் ஒட்டியிருக்காங்களே, சார்?"

"ஒட்டியிருக்கிறார்கள். மூன்று துண்டு. மெக்கானிக் அந்த நேரம் லைனில் ஊசி மாற்றிக்கொண்டிருந்ததாகச் சாட்சி." குலசேகரன் நடக்க ஆரம்பித்தார். "எல்லாரும் அந்த நோட்டைப் பார்த்தார்கள். துண்டுகளை எண்ணினார்கள். மூன்று, சரி என்று மூடிவிட்டார்கள்."

"நீங்க என்னங்க பண்ணுனீங்க?"

"நான் இன்னொரு தடவை பார்த்தேன்." குரல் ஹால் முழுக்க நிறைந்தது. "முனை ஒரு ஊசியுடையது. அடி வேறு ஊசியுடையது. இரண்டின் தடிமனும் வேறு. அன்றைக்கு இந்த லைனில் ஊசி எதுவும் ஒடியவில்லை, மெக்கானிக் சார். பழைய துண்டுகளை ஒட்டி வைத்துவிட்டு நீங்கள் போன இடம் பேக்கிங் செக்ஷன்."

மெக்கானிக்காக நடித்தவர் ஓட வேண்டிய இடம் அது. மனிதர் மறந்துபோய் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். விஜயராணியே வாசலிலிருந்து வந்து அவர் கையைப் பிடித்தாள். சுரேஷ் கட் சொல்லவும் மறந்தான். கடைசியில் சொன்னபோது ஹாலே கைதட்டியது. எதற்கென்று தெரியாவிட்டாலும் ஜோதிகா எல்லாரையும்விட பலமாகத் தட்டினாள்.

சானல்காரர் எழுந்தார். "இந்த அம்மா டயலாக் ஸ்கிரிப்ட்ல இருந்துதா?" என்று கேட்டார். சுரேஷ் மருதம்மாளைப் பார்த்தான், ஜெபக்குமாரைப் பார்த்தான், நெஞ்சில் கைவைத்துக்கொண்டு பொய் சொன்னான். "இருந்துது சார். கடைசி நேரத்துல சேத்தோம்."

"ஆனா பேரை மாத்திச் சொன்னாரே. பாக்கியம்தானே?"

"பாக்கியத்தைத் தூக்கிட்டோம் சார். கேரக்டர் பேரே மருதம்மாதான். பழைய சீனுக்கெல்லாம் டப்பிங்ல மாத்திருவோம்."

சானல்காரர் தலையாட்டினார். ஜெபக்குமாரின் கையைப் பிடித்துக் குலுக்கி, "தை மாசம் அடுத்த சீசன் ஆரம்பிக்கறோம், உடம்பைப் பாத்துக்குங்க" என்றார். ஜெபக்குமார் அன்றும் "சரி தம்பி" என்றுதான் சொன்னார். ஆனால் அந்தச் 'சரி தம்பி' வேறு. மருதம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மேக்கப் முழுக்க முந்தானையில் வந்துவிட்டது.

சாயந்திரம் எல்லாம் கட்டி ஏற்றும்போது ஜெபக்குமார் அவள் டேபிளுக்கு வந்தார். அம்பு ஸ்டிக்கர் சுருள் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். "அடுத்த சீசனுக்கு வேணும்லா" என்றார். ஜோதிகா காலில் விழப் போனாள், தடுத்துவிட்டார். "நீ வேலையைத்தானே தாயி செஞ்ச" என்றார். மருதம்மாள் பக்கம் திரும்பினார். கையெடுத்துக் கும்பிட்டார். அவளும் கும்பிட்டாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்கள், முட்டாள்கள் மாதிரி. பிறகு வேன் ஹாரன் அடித்தது.

தனக்குள் அவள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அவ்வளவும் மறந்த மனிதர் பெயரை மட்டும் எப்படிச் சொன்னார்? கைமடிப்பைப் பார்த்திருப்பார். பார்க்கட்டும் என்றுதானே ஒட்டினாள், பார்த்தார். அதிலும் அவளுக்குச் சந்தோஷம்தான்.

வேன் போனபிறகு, உடைகளைப் பார்த்துக்கொள்ளும் முனீஸ் லாரியில் ஏற்ற வேண்டிய உடைப்பெட்டியோடு வந்தான். கையில் ஒரு சட்டை.

"அக்கா, இது சாருதுதான். ரெண்டாவது நாளும் மூணாவது நாளும் போட்டது. நேத்தே மடிச்சு பெட்டில வச்சுட்டேன், இன்னிக்குக் கடைசி சீனுக்கு அவருக்குக் குடுத்தது வேற சட்டை. இப்பப் பாக்கேன், கைமடிப்புக்குள்ள உங்க ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு. சட்டைல ஏதும் பழுதா? சரி பண்ணிக் குடுத்துருதீங்களா?"

மருதம்மாள் சட்டையை வாங்கினாள். டியூப் லைட்டைப் போட்டாள். டேபிளில் விரித்து, கைமடிப்பைப் பிரித்துப் பார்த்தாள். சிவப்பு அம்பு, அவள் கையெழுத்து, அவள் பெயர். நேற்றிலிருந்து பெட்டிக்குள் இருந்திருக்கிறது. மடிப்பை மூடினாள். திறந்தாள். அவளுக்கு எழுத்து கலங்கியது.

"என்னக்கா?" என்றான் முனீஸ்.

ஸ்டிக்கரை அவள் உரிக்கவில்லை. மடிப்பை முன்னிருந்தபடியே நீவிவிட்டு, சட்டையை மடித்து அவன் கையில் கொடுத்தாள்.

"ரெண்டு தடவை பாத்துட்டனுங்க கண்ணு" என்றாள். "பழுது ஒண்ணுமில்லீங்க."